பழைய டெஸ்க்டாப் ஓடலையா? ஃபார்மட் போடுறதுக்கு முன்னாடி இந்த வரிசையில பாருங்க

2007லேர்ந்து 2012க்குள்ள வாங்குன அசெம்பிள் டெஸ்க்டாப் பல வீட்ல இன்னும் இருக்கு. கோர் 2 டுவோ, டூயல் கோர், முதல் தலைமுறை ஐ3ன்னு ஏதாவது ஒண்ணு, உள்ள விண்டோஸ் எக்ஸ்பி இல்லன்னா 7. இது மக்கர் பண்ணா புதுசா கத்துக்கிற பசங்க பத்துல எட்டு பேர் முதல்ல கை வைக்கிறது விண்டோஸ் சிடி மேலதான். ஃபார்மட் போட்டா சரியாயிடும்னு நினைக்கிறாங்க, ஆனா இந்த வயசு மெஷின்ல வர்ற பிரச்சனையில பெரும்பாலானது கரண்ட், பேட்டரி, ரேம், தூசி, கேபிள் இந்த அஞ்சுக்குள்ள இருக்கும், அதுக்கு ஃபார்மட் மருந்தே கிடையாது, டேட்டா போறதுதான் மிச்சம்.

அதனால வரிசைய மாத்தாதீங்க. ஒவ்வொரு ஸ்டெப்பும் ஏன் அந்த இடத்துல இருக்குன்னு கூடவே சொல்றேன்.

1. உக்கார்றதுக்கு முன்னாடி எடுத்து வச்சுக்க வேண்டியது

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், காய்ஞ்ச பெயிண்ட் பிரஷ், பென்சில் ரப்பர், ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி, சின்ன ட்யூப் தெர்மல் பேஸ்ட், ஒரு எக்ஸ்ட்ரா சாட்டா கேபிள் (ஹார்ட்டிஸ்க்க மதர்போர்டோட இணைக்கிற ஒயர்), யூஎஸ்பி டு சாட்டா கன்வெர்ட்டர், காலி இடம் இருக்கிற எக்ஸ்டர்னல் டிஸ்க். கூடவே 8 ஜிபி பென்டிரைவ்ல லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ லைவ் (இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லேர்ந்தே ஓடுற லினக்ஸ்) போட்டு வச்சுக்கங்க. மெஷின்ல ரேம் 1 ஜிபிதான்னா மின்ட் திணறும், பப்பி லினக்ஸ் போட்டுக்கங்க.

பென்டிரைவ முன்கூட்டியே ரெடி பண்ணுங்க, ஏன்னா மெஷின் படுத்தப்புறம் அத தயார் பண்ண இன்னொரு கம்ப்யூட்டர் தேடி ஓடணும்.

கேபினட்ட திறந்த உடனே போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுங்க. முக்கியமா பவர் பட்டன்லேர்ந்து மதர்போர்டுக்கு வர்ற சின்னச் சின்ன ஒயர் எந்தப் பின்ல இருக்குன்னு கிட்டத்துல ஒரு போட்டோ. அந்த ஒயர கழட்டிட்டு எங்க மாட்டுறதுன்னு தெரியாம அரை நாள் போனவங்கள பாத்திருக்கேன்.

உள்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி பிளக்க சுவத்துலேர்ந்து புடுங்கிட்டு, பவர் பட்டன ஒரு அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிங்க, உள்ள தேங்கி இருக்கிற மிச்சம் மீதி கரண்ட் வடிஞ்சிடும். அப்புறம் கேபினட்டோட வெறும் இரும்பத் தொட்டுட்டு வேலைய ஆரம்பிங்க, உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக் போகணும்.

2. எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க

"கம்ப்யூட்டர் ஓடல"ன்னு சொன்னா ஒண்ணும் புரியாது. ஆன் பண்ணி நாலு கேள்வி கேளுங்க. ஃபேன் சுத்துதா? பீப் சத்தம் வருதா? கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்து வருதா? விண்டோஸ் லோகோ வரைக்கும் போகுதா?

ஃபேனே சுத்தலன்னா கரண்ட் பக்கம். ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே இல்ல, நீளநீளமா பீப் விடாம அடிக்குதுன்னா ரேம சந்தேகப்படுங்க. எழுத்து வந்து அங்கேயே நின்னா பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி மதர்போர்டுல ஓடுற புரோகிராம்) செட்டிங்கோ ஹார்ட்டிஸ்க்கோ. லோகோ வந்து ரீஸ்டார்ட் ஆனா அப்பதான் விண்டோஸ் மேல சந்தேகப்படலாம், அதுவும் உடனே இல்ல. ஸ்கிரீன்ல என்ன வாக்கியம் வந்துச்சோ அத எழுத்துக்கு எழுத்து எழுதி வைங்க, இல்லன்னா போட்டோ எடுங்க. "ஏதோ எரர் வந்துச்சு"ங்கிறத வச்சு யாராலயும் உதவ முடியாது.

3. டேட்டாவ வெளிய எடுங்க

மெஷின் இப்ப தட்டுத் தடுமாறியாவது ஓடுதுன்னா, வேற எதையும் தொடாம இத முதல்ல செய்ங்க. அடுத்த தடவ ஆன் ஆகுமான்னு யாருக்கும் தெரியாது.

விண்டோஸ் வரலன்னா லைவ் பென்டிரைவ்ல பூட் பண்ணுங்க. ஆன் பண்ண உடனே எஃப்12, எஃப்11, எஃப்8, எஸ்கேப் இதுல ஒரு கீ பூட் மெனு காட்டும், போர்டுக்கு போர்டு மாறும். உள்ள போய் "இன்ஸ்டால்" ஐகான தொடாதீங்க, ஃபைல் மேனேஜர மட்டும் திறந்து காப்பி பண்ணுங்க. மெஷினே ஆன் ஆகலன்னா டிஸ்க்க கழட்டி கன்வெர்ட்டர் வழியா வேற கம்ப்யூட்டர்ல மாட்டுங்க.

டெஸ்க்டாப்பும் மை டாகுமெண்ட்ஸும் எடுத்துட்டு முடிஞ்சிதுன்னு நினைச்சிடுவாங்க. எக்ஸ்பின்னா சி டிரைவ்ல "டாகுமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்", 7ன்னா "யூசர்ஸ்", அந்த முழு ஃபோல்டரையும் எடுங்க, வீட்ல இருக்கிற மத்தவங்க யூசரும் அதுக்குள்ளதான் இருக்கும். டாலி இருந்தா அதோட டேட்டா ஃபோல்டர் தனியா. தமிழ் டைப்பிங் பண்ண மெஷின்னா விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரயும் கண்டிப்பா எடுங்க. பாமினி, வானவில் மாதிரி ஃபான்ட்ல அடிச்ச பழைய வேர்ட் ஃபைல், அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா தெரியும், ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு டெலீட் பண்ணவங்களும் உண்டு.

ஒரே ஒரு விதிவிலக்கு. டிஸ்க்ல இருந்து டக் டக்னு அடிக்கிற சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணிடுங்க, மறுபடி மறுபடி ஆன் பண்ணிப் பாக்காதீங்க. உள்ள ஹெட் போயிருந்தா ஒவ்வொரு சுத்தும் பிளேட்ட கீறும். உள்ள இருக்கிறது முக்கியம்னா டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட அப்படியே குடுங்க.

4. கரண்ட்

சுவர் பிளக், ஸ்பைக் பஸ்டர், பின்னாடி எஸ்எம்பிஎஸ்ல (உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கிற பெட்டி) இருக்கிற சின்ன சுவிட்ச், இந்த மூணையும் பாத்தீங்களான்னு ரெண்டு தடவ கேட்டுக்கங்க. அப்புறம் மதர்போர்டுல 24 பின் கனெக்டரும் சிபியு (புராசஸர் சிப்) பக்கத்துல இருக்கிற 4 பின் கனெக்டரும் அழுத்தமா இருக்கா பாருங்க. அந்த 4 பின் லூஸா இருந்தா ஃபேன் சுத்தும், டிஸ்ப்ளே வராது, எல்லாரும் மதர்போர்டு போச்சுன்னு முடிவு கட்டிடுவாங்க.

யூபிஎஸ் இருந்தும் மின்சாரம் ஒரு கணம் போய் வந்தா ரீஸ்டார்ட் ஆகுதா? அது வைரஸ் இல்ல, யூபிஎஸ் பேட்டரி செத்துப்போச்சு. யூபிஎஸ்ஸ விட்டுட்டு நேரா சுவத்துல குடுத்து ஓட்டிப் பாருங்க.

எஸ்எம்பிஎஸ் மேல சந்தேகம்னா, ஓடுற இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸ மாட்டிப் பாக்கறதுதான் நம்பகமான டெஸ்ட். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் கிளிப்பால சேத்து ஃபேன் சுத்துதான்னு பாப்பாங்க, அது ஸ்டார்ட் ஆகுதாங்கிறத மட்டும்தான் சொல்லும், லோடு வந்தா தாங்குமான்னு சொல்லாது. எஸ்எம்பிஎஸ் பெட்டிய மட்டும் திறக்காதீங்க, பிளக் புடுங்கின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல ஆபத்தான வோல்டேஜ் நிக்கும்.

மதர்போர்டுல சிபியு சுத்தி நிக்கிற கெப்பாசிட்டர் தலையையும் பாருங்க. தட்டையா இருக்கணும். உப்பியிருந்தாலோ பழுப்பு கலர்ல கசிஞ்சிருந்தாலோ மெஷின் சில நாள் ஓடும் சில நாள் ஓடாது, அத மாத்தாம மத்த எந்த ஸ்டெப்பும் நிக்காது.

5. பயாஸ் பேட்டரி – இங்கதான் அதிகம் பேர் ஏமாறுறாங்க

தினமும் ஆன் பண்ணும்போது எஃப்1 அழுத்தச் சொல்லுதா, "சிமாஸ் செக்சம்" எரர் வருதா, கடிகாரம் பல வருஷம் பின்னாடி போய் ஜனவரி 1ல நிக்குதா? மதர்போர்டுல இருக்கிற பட்டன் பேட்டரி முடிஞ்சிது. புது சிஆர்2032ல 3 வோல்ட் இருக்கும். மல்டிமீட்டர் இல்லன்னாலும் பரவால்ல, சின்ன காசுதான், நேரா மாத்திடுங்க. எழுத்து போட்ட பக்கம் மேல வரணும், கிளிப்ப நகத்தால மெதுவா தள்ளினா பேட்டரி தானா எழும்பும், நெம்பாதீங்க.

பேட்டரி மாத்தினதோட வேலை முடியல, உள்ள செட்டிங் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குப் போயிருக்கும், அத திரும்ப வைக்கணும். இத விட்டதால என்ன ஆகும்னு ஒரு நடந்தத சொல்றேன்.

எங்க தெருவுல கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ற ஒரு அண்ணன் இருக்காரு. அவரு மெஷின் திடீர்னு விண்டோஸ் 7 லோகோ வந்து ஒரு நீல வெட்டு வெட்டி ரீஸ்டார்ட், திரும்ப லோகோ, திரும்ப ரீஸ்டார்ட். சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போனாரு, விண்டோஸ் கரப்ட்னு ஃபார்மட் போட்டுக் குடுத்துட்டாங்க, டி டிரைவ் தப்பிச்சுது, டெஸ்க்டாப்ல வச்சிருந்த ரெண்டு வருஷ டிசைன் போச்சு. நாலு மாசம் கழிச்சு மறுபடி அதே லோகோ ரீஸ்டார்ட். அப்பதான் என்கிட்ட வந்தாரு. ஆன் பண்ணி பயாஸ்ல போனேன், தேதி ஜனவரி 1, 2009ன்னு நின்னுச்சு. கீழ சாட்டா மோடு, அதாவது மதர்போர்டு டிஸ்க்கோட பேசுற முறை, "ஐடிஇ"ன்னு இருந்துச்சு, ஆனா விண்டோஸ் போட்டது "ஏஹெச்சிஐ"ல. பேட்டரி செத்ததும் செட்டிங் ஐடிஇக்கு திரும்பிடுச்சு, விண்டோஸுக்கு தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியல. மோட ஏஹெச்சிஐக்கு மாத்தி எஃப்10 அடிச்சு சேவ் பண்ணேன், அடுத்த நிமிஷம் டெஸ்க்டாப் வந்துச்சு. முதல் தடவயும் இதேதான்னு அவருக்குப் புரிஞ்சப்ப அவரு முகத்த பாக்க முடியல.

அதனால லோகோவுல ரீஸ்டார்ட் ஆச்சுன்னா, எஃப்8 அடிச்சு "டிசேபிள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்" எடுங்க, நீல ஸ்கிரீன் நிக்கும். அதுல "STOP"க்கு பக்கத்துல வர்ற கோடு "7B"ல முடிஞ்சா, எதையும் தொடறதுக்கு முன்னாடி சாட்டா மோட மாத்திப் பாருங்க. மாத்தி பூட் ஆகலன்னா பழையபடி வச்சிடுங்க, ஒண்ணும் கெடாது.

6. ரேம்

கடலோர ஊர்ல ஈரமும் உப்புக் காத்தும் சேந்து ரேம்ல இருக்கிற தங்கநிற பல்ல மங்க வச்சிடும், அதுலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கிற ஊர்ல தூசி அந்த வேலைய பண்ணும். ரெண்டுக்கும் வைத்தியம் ஒண்ணுதான்.

ரெண்டு பக்க கிளிப்பையும் வெளிய தள்ளி ரேம எடுங்க. ஓரத்த பிடிங்க, சிப்ப பிடிக்காதீங்க. பென்சில் ரப்பரால பல்லு மேல ஒரே திசையில, மேலேர்ந்து நுனி வரைக்கும் தேய்ங்க, ரப்பர்ல கறுப்பா ஒட்டும், அதான் அழுக்கு. ரெண்டு பக்கமும் தேய்ச்சிட்டு ரப்பர் துகள ஊதாம பிரஷ்ல தட்டிவிடுங்க, ஊதினா எச்சி ஈரம் படும். ஸ்லாட்டையும் பிரஷ் போடுங்க. திரும்ப மாட்டும்போது வெட்டு இருக்கிற இடம் பாத்து வச்சு, ரெண்டு கிளிப்பும் "டக்"னு தானா விழற வரைக்கும் அழுத்துங்க. ஒரு பக்கம் மட்டும் விழுந்துட்டு இன்னொரு பக்கம் அரைகுறையா நிக்கிறதுதான் இங்க அதிகம் நடக்கிற தப்பு.

ரெண்டு ரேம் இருந்தா ஒண்ண மட்டும் மாட்டிப் பாருங்க, அப்புறம் மத்தத. ரெண்டையும் சேத்து வச்சு டெஸ்ட் பண்ணா எது கெட்டதுன்னே தெரியாது. டிஸ்ப்ளே வந்தாலும் அப்பப்ப நீல ஸ்கிரீன் வருதுன்னா மெம்டெஸ்ட்ட (ரேம சோதிக்கிற புரோகிராம்) ராத்திரி முழுக்க ஓட விடுங்க, சிவப்புல ஒரு வரி வந்தாகூட அந்த ரேம் வேணாம். புதுசா வாங்கும்போது டிடிஆர்2வா டிடிஆர்3யான்னு பாத்து வாங்குங்க, வெட்டு இடம் வேற, மாத்தி மாட்ட முடியாது.

7. சூடு

பத்து பதினஞ்சு நிமிஷம் ஓடி தானா ஆஃப் ஆகுது, கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஆன் ஆகுதுன்னா சூடுதான். பயாஸ்ல "பிசி ஹெல்த்" மாதிரி ஒரு பக்கம் இருக்கும், அதுல சிபியு டெம்பரேச்சர் பாருங்க, சும்மா நிக்கும்போதே எழுபது எண்பதுன்னு ஏறிக்கிட்டே போச்சுன்னா திறந்து பாக்க வேண்டியதுதான்.

வெளிய தெரியற ஃபேன மட்டும் துடைச்சிட்டு விட்டுடுவாங்க. தூசி ஃபேனுக்கும் கீழ இருக்கிற அலுமினியத்துக்கும் நடுவுல கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், அத எடுத்தாத்தான் காத்து போகும். காத்தடிச்சா ஃபேன் றெக்கைய விரலால பிடிச்சுக்கங்க, வேகமா சுத்தவிட்டா பேரிங் போயிடும்.

சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கிற தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆயிருந்தா துடைச்சு, நடுவுல பட்டாணி அளவு வச்சா போதும், பூசி மெழுக வேணாம். இன்டெல் கூலர்ல நாலு பிளாஸ்டிக் குத்தூசி இருக்கும், குறுக்கும் நெடுக்குமா எதிரெதிர் மூலைய அழுத்துங்க, போர்டுக்குப் பின்னாடி நாலும் முழுசா வெளிய வந்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஏஎம்டின்னா கூலர நேரா மேல இழுக்காதீங்க, காய்ஞ்ச பேஸ்ட்டோட சிபியுவும் சாக்கெட்டுலேர்ந்து பிடுங்கிட்டு வரும், பின் வளையும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு சூடாக்கி, ஆஃப் பண்ணி, லேசா இடவலமா திருகி எடுங்க.

8. ஹார்ட்டிஸ்க்

டிஸ்க்கோட நிலைமைய காட்டுற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ புரோகிராம போட்டு, ஐடி 05, சி5, சி7ன்னு இருக்கிற மூணு வரியோட "ரா வேல்யூ"வ மட்டும் பாருங்க. 05ம் சி5ம் பூஜ்யத்துக்கு மேல போயிருந்தா டிஸ்க்ல இடம் கெட ஆரம்பிச்சிடுச்சு, பேக்கப் எடுத்துட்டு மாத்துங்க. சி7 மட்டும் ஏறிக்கிட்டே இருந்தா டிஸ்க் நல்லா இருக்கலாம், கேபிள்தான் குத்தவாளி, எக்ஸ்ட்ரா கேபிள் வாங்கி வைக்கச் சொன்னது இதுக்குத்தான்.

டிஸ்க்குக்கு எரர் செக்கிங் ஓட்டுறத பேக்கப்புக்கு அப்புறம் வைங்க. சாகப்போற டிஸ்க்க மூலை மூலையா படிக்க வச்சா அந்த வேலையிலேயே முழுசா படுத்துடும்.

எக்ஸ்பி வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. டிஸ்க்கும் நல்லா இருக்கு, ரேமும் இருக்கு, ஆனா ஒரு பாட்ட காப்பி பண்ணாலே மவுஸ் நின்னு நின்னு போகுதுன்னா, டிவைஸ் மேனேஜர்ல ஐடிஇ சேனலோட ப்ராப்பர்ட்டீஸ் திறந்து டிரான்ஸ்ஃபர் மோட பாருங்க. படிக்கிறதுல பிழை சேந்துட்டே வந்தா எக்ஸ்பி தானா வேகத்த குறைச்சு, வேகமான டிஎம்ஏ முறையிலேர்ந்து மெதுவான பிஐஓ முறைக்கு இறக்கிடும், திரும்ப ஏத்தாது. கேபிள மாத்திட்டு அந்த சேனல அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் குடுங்க, புதுசா கண்டுபிடிச்சு டிஎம்ஏல வரும்.

9. இப்பதான் விண்டோஸ்

"பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்", எக்ஸ்பில "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்" வந்தா முதல்ல எல்லா பென்டிரைவையும் கார்டையும் புடுங்குங்க, பல நேரம் மெஷின் அதுலேர்ந்து பூட் ஆகப் பாக்கும். அப்பவும் வந்தா பயாஸ்ல பூட் வரிசையில ஹார்ட்டிஸ்க் முன்னாடி இருக்கான்னு பாருங்க. அதுக்கும் அப்புறம்தான் 7 டிவிடி போட்டு ஸ்டார்ட்அப் ரிப்பேர், ஒரு தடவ ஓட்டி நிறுத்தாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணி மூணு தடவ வரைக்கும் ஓட்டுங்க, ஒவ்வொரு ஓட்டத்துலயும் ஒரு பிழையத்தான் பிடிக்கும்.

எஃப்8 அடிச்சு சேஃப் மோடுல நல்லா ஓடி, நார்மல்ல திணறுதுன்னா ஏதோ ஒரு டிரைவரோ கூடவே ஸ்டார்ட் ஆகுற புரோகிராமோதான். கடைசியா என்ன போட்டீங்கன்னு யோசிச்சு அத எடுங்க, இல்லன்னா சிஸ்டம் ரீஸ்டோர்ல ஒரு பழைய தேதிக்குப் போங்க. ரெண்டு ஆன்டிவைரஸ் ஒண்ணா இருந்தா ஒண்ண தூக்குங்க, அது மட்டுமே போதுமான காரணம்.

வேற வழியே இல்லாம 7 புதுசா போட்டீங்கன்னா, சர்வீஸ் பேக் 1க்கு அப்புறம் கேபி4490628, கேபி4474419 இந்த ரெண்டு அப்டேட்டையும் கையால இறக்கிப் போடுங்க. பிந்தின அப்டேட் எல்லாம் ஷா-2ங்கிற டிஜிட்டல் கையெழுத்தோட வந்ததுதான், இது ரெண்டும் இல்லாம 7 அத ஏத்துக்காது.

10. நெட் திறக்கலன்னா

எல்லா சைட்லயும் "கனெக்ஷன் பாதுகாப்பா இல்ல"ன்னு வந்தா தேதி, மாசம், வருஷம் பாருங்க, திரும்ப அஞ்சாவது ஸ்டெப்தான். தேதி சரியா இருந்தும் சில சைட் மட்டும் வரலன்னா காரணம் வேற. பல சைட் நம்பியிருந்த ஒரு பழைய ரூட் சர்டிபிகேட் (சைட் உண்மையானதான்னு பிரவுசர் சரிபாக்கிற மூலச் சான்று) 2021 செப்டம்பர் 30ல காலாவதி ஆயிடுச்சு, அப்டேட் ஆகாத விண்டோஸுக்கு புதுசு தெரியாது. பயர்பாக்ஸ் தன் சர்டிபிகேட் லிஸ்ட்ட தானே வச்சிருக்கு, அதுல திறந்து பாருங்க.

விண்டோஸ் 7க்கு குரோம் 109தான் கடைசி, பயர்பாக்ஸ்ல 115 இஎஸ்ஆர். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8லயும், 7க்கு 2020 ஜனவரி 14லயும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சுது. பாட்டு கேக்க, பழைய ஃபைல் திறக்க, பிரின்ட் எடுக்க வச்சுக்கங்க. பேங்க் வேலைய இதுல பண்ணாதீங்க, இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

11. எல்லாம் சரி, ஆனா ஆமை வேகம்

இந்த வயசு மெஷினுக்கு ஒரே ஒரு செலவு பண்றதுன்னா 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாத டிஸ்க்). பழைய போர்டுல சாட்டா 2தான் இருக்கும், முழு வேகம் வராது, இருந்தாலும் சுத்துற டிஸ்க்கோட ஒப்பிட்டா வித்தியாசம் நல்லாவே தெரியும். எக்ஸ்பில ட்ரிம் (எஸ்எஸ்டி வேகம் குறையாம பாத்துக்கிற வசதி) கிடையாது, அதனால எஸ்எஸ்டி போட்டா 7 இல்லன்னா லினக்ஸ் வைங்க. 32 பிட் விண்டோஸ்ல 4 ஜிபிக்கு மேல ரேம் போட்டு காச வீணாக்காதீங்க, அதுக்கு மேல அதால பயன்படுத்த முடியாது.

கேபினட் மூடுறதுக்கு முன்னாடி ஒரு துண்டுச் சீட்டுல பேட்டரி மாத்தின தேதி, சாட்டா மோடு எது, ரேம் எந்த ஸ்லாட்ல, பேஸ்ட் எப்ப வச்சது, இத எழுதி பக்கத் தகட்டோட உள்பக்கம் ஒட்டிடுங்க. அந்த அண்ணன் மெஷின்ல "ஏஹெச்சிஐ"ன்னு மார்க்கர்ல பெருசா எழுதி ஒட்டியிருக்கேன், அடுத்து யாரு திறந்தாலும் முதல்ல அதுதான் கண்ணுல படும்.